ஒன்பது சின்ன பாட்டில்கள்

ஜனவரி 1, வியாழன்

என் வீட்டுக்காரர் சாலமோன் வேலை பார்க்கும் உரக்கடைக்கு வந்த டைரி இது. அவருக்கு எழுதுவதற்கு ஒன்றும் கிடையாதாம், என் தலையில் கட்டிவிட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயிகளுக்கு ஒரு யோசனை அச்சடித்திருக்கிறது. இன்றைய யோசனை: மண் பரிசோதனை செய்துகொள்ளவும். செய்துகொள்கிறேன்.

முதல் பக்கம் என்பதால் முறையாகத் தொடங்குகிறேன். பெயர் பியூலா. வயது நாற்பத்தேழு. அரசு ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸாகப் பதினொரு வருடம். பட்டப்பெயர் 'கணக்கு டீச்சர்'. எனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவைதான். கீழ்த்தொட்டி நிரம்பியது. எதற்கு எத்தனை வாளி என்று அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சாலமோனுக்குக் குளிக்க ஒன்றரை வாளி. இன்னொரு அரை வாளிக்காக வருடம் முழுக்க முனகுவார்.

ஜனவரி 2, வெள்ளி

குரோட்டன்ஸ் தொட்டி பதினாலுக்கும் ஆளுக்கு ஒரு குவளை ஊற்றினேன். தளதளவென்று நிற்கின்றன. வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 5, திங்கள்

காலை பதினொரு மணிக்கு நாலாம் பெட்டுக்கு ஒரு அம்மா வந்தாள். செண்பகவல்லி, நாற்பத்து மூன்று வயது, தீப்பெட்டி ஆபீஸில் கட்டு எண்ணுகிற வேலை. ஆறு நாள் காய்ச்சல். பிரஷர் எழுபது. கை கால் ஐஸ் மாதிரி. டாக்டர் இளமாறன் சின்ன வயசுதான், ஆனால் பதறமாட்டார். "சிஸ்டர், ரெண்டு பக்கமும் லைன் போடுங்க, ஓடட்டும்" என்றார். ஒரு மணி நேரத்தில் இரண்டு லிட்டர் சலைன் ஓடியது.

என்ன காய்ச்சல் என்று பிடிபடவில்லை. உடை மாற்றும்போது பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் பார்த்தேன். சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்பாக ஒரு புண். விறகு பொறுக்கக் கருவேலங்காட்டுக்குப் போயிருக்கிறாள். பூச்சி கடித்திருக்கிறது. உண்ணிக் காய்ச்சல். டாக்டர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். மத்தியானம் ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இந்தக் காய்ச்சல் முற்றினால் ரத்தக் குழாய்கள் ஓட்டைச் சாக்குபோல் ஆகிவிடும். தண்ணீர் ஏற்றினால்தான் பிரஷர் நிற்கும். ஏற்றியது கசிந்து நுரையீரலில் போய்த் தேங்கும். ஏற்றாவிட்டாலும் ஆள் போய்விடும், மிஞ்சி ஏற்றினாலும் போய்விடும். நடுவில் ஒரு வரப்பு இருக்கிறது. அதில் ஆளை நடத்திக் கூட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் பிழைப்பு.

ஜனவரி 6, செவ்வாய்

பிரஷர் ஏறிவிட்டது. மூச்சுதான் இரைக்கிறது. கழுத்து நரம்பில் பெரிய லைன், மூக்கில் கஞ்சிக் குழாய், வாயில் மூச்சுக் குழாய் எல்லாம் போட்டு வென்டிலேட்டரில் வைத்தாயிற்று. மெஷின் தருகிற ஆக்சிஜன் நாற்பது சதவீதம். இது ஏற ஏற நுரையீரல் மோசம் என்று அர்த்தம்.

"இனிமே டேப்பை மூடணும் சிஸ்டர்" என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு மில்லிக்கு மேல் உள்ளே போகக்கூடாது. குழாய்க் கஞ்சி ஆயிரம், பெரிய பாட்டில் ஒன்று ஐந்நூறு. அவ்வளவுதான்.

இது என் ராஜ்ஜியம். ஆறு வருடத்துக்கு முன்னால் இந்த வார்டுக்கு வரவு செலவுத் தாளை அடிக்கோல் வைத்து வரைந்தவள் நான். இடது பக்கம் உள்ளே போனது, வலது பக்கம் வெளியே வந்தது, மணிக்கு ஒரு வரி. மருந்து இதில் வராது. மருந்து மருந்துச் சீட்டில், தண்ணீர் தண்ணீர்த் தாளில். அதை இதோடு கலந்து குழப்பிவைத்தவர்களை எல்லாம் நான்தான் திருத்தினேன். இருபதாம் தேதி தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸுகள் முப்பது பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். இந்தத் தாளைப் பற்றி நான்தான் வகுப்பு எடுக்க வேண்டும் என்று ஆர்டர் வந்திருக்கிறது. சும்மா சொல்லி வைக்கிறேன், பெருமைக்கு அல்ல.

கார்த்தீஸ்வரி புதுசாக வந்த பிள்ளை. ஊசி மருந்தை அப்படியே ஏற்றப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். "எந்த மருந்தா இருந்தாலும் நூறு மில்லி சலைன்ல கலந்து விடணும். நரம்பு எரியக்கூடாது. நம்ம அக்கா தங்கச்சின்னா அப்படிக் குத்துவோமா?" என்றேன். ஒவ்வொரு பாட்டிலிலும் பெட் நம்பர், நேரம், என் கையெழுத்து, எல்லாம் மார்க்கரில். அதுவும் நான் கொண்டுவந்த பழக்கம்தான்.

ஜனவரி 7, புதன்

நாலாம் பெட்டின் வீட்டுக்காரர் பெயர் வெயிலுமுத்து. நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பெயர் வெயில், தொழில் தண்ணீர். எங்கள் வார்டில் காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம் பார்வையாளர் நேரம். அந்தப் பத்து நிமிடமும் காதருகே குனிந்து பேசிக்கொண்டே இருக்கிறார். மயக்க மருந்தில் கிடப்பவளிடம் அப்படி என்னதான் சொல்வாரோ!

ஜனவரி 8, வியாழன்

வீக்கம். கண் இமை, கை, கால் எல்லாம் உப்பியிருக்கிறது. ஆக்சிஜன் ஐம்பதுக்குப் போயிற்று.

என் தாளைப் பார்த்தால் வரவு ஆயிரத்து ஐந்நூறு, செலவு ஆயிரத்து நானூறு. தராசு முள் நேராக நிற்கிறது. பிறகு எதற்கு வீங்குகிறாள்? தையல் டேப்பைக் கொண்டுபோய்க் கணுக்காலைச் சுற்றி அளந்தேன். இருபத்தாறு சென்டிமீட்டர். மார்க்கரில் கோடு போட்டுவிட்டேன்.

தாள் தப்பாது. ஆட்கள்தான் தப்புவார்கள்.

ஜனவரி 9, வெள்ளி

பிடித்துவிட்டேன்!

கணுக்கால் இருபத்தேழு. சாயங்காலப் பார்வை நேரத்தில் திரைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வெயிலுமுத்து சட்டைப் பையிலிருந்து குட்டி பாட்டில் ஒன்றை எடுத்தார். பஞ்சை நனைத்தார். அவள் உதட்டில் வைத்தார்.

"என்னய்யா அது?" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"காப்பி சிஸ்டர். கருப்பட்டிக் காப்பி. ரெண்டே சொட்டு, ஒதட்டுலதான் தடவுனேன். மூணு மணிக்குக் காப்பி இல்லன்னா அவளுக்குத் தல கெடந்து வலிக்கும்."

"ஒதட்டுல ரெண்டு சொட்டுன்னு சொல்லுதீரு. கஞ்சிக் குழாயில எத்தன டம்ளர் ஊத்துனீரு? எளநியா, தண்ணியா?"

"சத்தியமா இல்ல சிஸ்டர். குழாயத் தொட்டதே இல்ல."

"அப்ப இந்தத் தண்ணி வானத்துல இருந்தா வருது? பொண்டாட்டியக் கொன்னுருவீரு போலருக்கே!"

அந்தக் கடைசி வார்த்தை வேண்டியதில்லைதான். வந்துவிட்டது. நாளையிலிருந்து அவர் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் சொல்லிவிட்டேன். டாக்டரும் சரி என்றார். வீக்கத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. இனி வற்றிவிடும்.

தண்ணீர் வரும் நாள் இன்று. தொட்டி நிரம்புவதற்குள் குழாய் நின்றுவிட்டது.

ஜனவரி 10, சனி

வற்றவில்லை. ஒரு நாளில் வற்றாது, பொறுக்க வேண்டும்.

காலைப் பார்வை நேரத்தில் எல்லோர் வீட்டு ஆட்களும் வந்தார்கள். நாலாம் பெட் வாசல் பக்கமே தலையைத் திருப்பி வைத்திருந்தது. நாடித் துடிப்பு நூற்று இருபது. தற்செயலாக இருக்கும்.

ஜனவரி 11, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். பிரசங்கம் நீளம்.

தொட்டியில் இரண்டு நாளில் ஆறு விரற்கடை இறங்கிவிட்டது. என் கணக்குப்படி நாலு விரற்கடைதான் இறங்க வேண்டும். சாலமோனைப் பிடித்தேன்.

"ரெண்டு தடவ குளிக்கீங்களா?"

"ஏட்டி, ஒரு தடவ குளிக்கதுக்கே நீ சீட்டு எழுதி ஒட்டிருக்க. நா எங்க ரெண்டு தடவ குளிக்க?"

"அப்ப தண்ணி எங்க போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? ஒனக்குக் கணக்கு ஒதைச்சா ஒடனே ஆளத் தேடுவ. அதுதான் ஒனக்கு வழக்கம்."

நான் சோற்றைப் போட்டேன். மீன் குழம்பில் உப்புக் கம்மி என்று மட்டும் அவராகச் சொன்னார். பின்னேரம் செடிகளுக்கு ஊற்றினேன்.

ஜனவரி 12, திங்கள்

ஆக்சிஜன் எழுபது. சனிக்கிழமையே டாக்டர் சிறுநீர் பிரிய ஊசி போட்டிருந்தார். நன்றாகப் போயிற்று, ஆனால் மறுநாளே பழையபடி உப்பிவிட்டது. கணுக்கால் இருபத்தெட்டரை. கட்டைவிரல் வைத்து அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கிறது. இன்று மெட்டியைக் கழற்ற முடியாமல் வெட்டி எடுத்தோம்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எண்பதைத் தாண்டிட்டா அப்புறம் நம்மகிட்ட ஒண்ணும் இல்ல சிஸ்டர். அவ்வளவு ஆக்சிஜன்ல மதுரைக்கு அனுப்பவும் முடியாது. வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்போம்" என்றார்.

எனக்கு அவள் நாலாம் பெட், அவ்வளவுதான். பதினொரு வருடத்தில் எத்தனையோ நாலாம் பெட் பார்த்தாயிற்று. டியூட்டி முடிந்து ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தேன். பஸ் இல்லை.

வெளியே வரும்போது பார்த்தேன், வெயிலுமுத்து பின் வராந்தாவில் காலிப் பாட்டில்கள் போடும் சிவப்புத் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்னைக் கண்டதும் நகர்ந்துவிட்டார். அந்த ஆளிடம் ஏதோ கோளாறு இருக்கிறது.

ஜனவரி 13, செவ்வாய்

மறுபடியும் தொட்டியருகே அவர். கையில் பேனா வேறு. வாட்ச்மேனிடம் சொல்லிவைத்தேன்.

ஜனவரி 14, புதன், போகி

எழுத ஒன்றும் இல்லை. தலைவலி.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

இன்று எனக்கு லீவு. காலை ஏழு மணிக்கே வார்டுக்குப் போய்விட்டேன். நேற்று எழுதாததை இப்போது எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் டியூட்டி முடிந்து படியிறங்கும்போது வெயிலுமுத்து வழியை மறித்து நின்றார். கோபமாகத்தான் இருந்தார். ஆனால் குரல் உயரவில்லை. லாரி டிரிப் சீட்டு ஒன்றை நீட்டினார். பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது. பதினொன்றாம் தேதி: பெருசு ஒன்று, சிறுசு ஒன்பது. பன்னிரண்டு: பெருசு ஒன்று, சிறுசு ஒன்பது. பதின்மூன்று: அதேதான்.

"என்னய்யா இது?"

"தொட்டியில கெடக்க பாட்டிலு சிஸ்டர். கை வைக்கல. மேலருந்து பாத்துத்தான் எண்ணுனேன். ஒவ்வொண்ணுலயும் பெட் நம்பரு எழுதிருக்கீயள்ல, நாலு போட்டத மட்டும் எண்ணுனேன். அவளுக்குத் தண்ணி கூடுதலாப் போவுதுன்னீய. நா ஊத்தலன்னு எனக்குத் தெரியும். அப்ப வேற எங்கருந்தோதான வரணும்?"

"சின்ன பாட்டில் மருந்துய்யா."

"மருந்து எவ்வளவு சிஸ்டர்?"

"ஒரு பத்து மில்லி இருக்கும்."

"மிச்சத் தொண்ணூறு?"

சீட்டை வாங்கி மறுபடி பார்த்தேன். அவரே சொன்னார். "எங்க டேங்க்ல பெரிய குழாய்க்கு மட்டுந்தான் மீட்டர் உண்டு சிஸ்டர். ஓரத்துல கைக்குழாய்ல ஆளாளுக்கு ஒரு கொடம் புடிச்சிட்டுப் போவாக. அது மீட்டர்ல ஏறாது. ஆனா டேங்க் எறங்கும்லா? நீங்க இந்தச் சின்ன பாட்டிலு கணக்கப் பாத்தீயளா?"

"பாக்கேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். டிரிப் சீட்டு என் கையிலேயே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்று படுத்தேன்.

படுத்துக்கொண்டே கூட்டினேன். ஆன்டிபயாட்டிக் இரண்டு வகை, தலா இரண்டு வேளை. நாலு. வயிற்றுப் புண்ணுக்கு இரண்டு வேளை. ஆறு. காய்ச்சல் மருந்து மூன்று வேளை. ஒன்பது. ஒவ்வொன்றும் நூறு மில்லி, பிறகு குழாயைக் கழுவ நான் விடுகிற பத்து மில்லி. மொத்தம் ஒரு லிட்டருக்குப் பக்கம். ஆயிரத்து ஐந்நூறு என்று நான் அடிக்கோல் வைத்து எழுதியது உண்மையில் இரண்டாயிரத்து ஐந்நூறு. எட்டு நாள், எட்டு லிட்டர். வியர்வையிலும் ஊசி போட்டுப் போன சிறுநீரிலும் பாதியைக் கழித்தால்கூட நாலு லிட்டர் தண்ணீரை அவள் உடம்பில் தேக்கியது நான். ஓர் ஆள் பஞ்சில் தடவிய இரண்டு சொட்டுக் காப்பிக்கு வார்டே அதிரக் கத்தியதும் நான்.

நரம்பு எரியக்கூடாது என்பதற்காகத்தான் கலந்தேன். கழுத்தில் அவ்வளவு பெரிய லைன் இருக்கும்போது எந்த நரம்பு எரியப்போகிறது? வேறு யாராவது செய்திருந்தால் நானே கேட்டுச் சிரித்திருப்பேன்.

காலையில் டாக்டர் வந்ததும் சீட்டையும் தாளையும் மேஜைமேல் வைத்தேன். "சார், தப்பு என்னுது" என்றேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும் என்று பயம். அப்படியும் வந்துவிட்டது.

அவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டார். "சிஸ்டர், எதுல கலக்கணும்னு நானும் எழுதல. தினமும் உங்க தாள்ல கையெழுத்துப் போட்டது யாரு? நாந்தானே?" என்றார். உடனே மருந்துச் சீட்டை இழுத்து மாற்றி எழுதினார். காய்ச்சல் மருந்தும் ஓர் ஆன்டிபயாட்டிக்கும் இனி கஞ்சிக் குழாய் வழியாக. மற்ற இரண்டையும் பத்து மில்லியில் கரைத்துச் சிரிஞ்சில் மெதுவாக ஏற்றுவது. சிறுநீருக்கு மறுபடி ஊசி.

பத்து மணிக்குப் பார்வை நேரம். நானே வாசலுக்குப் போனேன். வெயிலுமுத்து ஓரமாக நின்றார். நேற்றே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போதாவது கேட்போம் என்று வாயைத் திறந்தேன். "செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வாரும்" என்றுதான் வந்தது.

"எத்தன நிமிசம் சிஸ்டர்?"

"பத்து."

தலையாட்டிவிட்டு உள்ளே போனார். காதருகே குனிந்தார். அவள் கண் இமை வீக்கத்தோடு பாதி திறந்தது. நாடி நூற்றிருபதிலிருந்து மெல்ல இறங்கித் தொண்ணூற்றாறில் நின்றது. இன்றைக்குத் தற்செயல் என்று எழுத மனம் வரவில்லை.

ஒரு மணிக்குச் சிறுநீர்ப் பை நிறைந்தது. மூன்று மணிக்கு இன்னொரு முறை நிறைந்தது. கார்த்தீஸ்வரியும் நானும் அந்தப் பையைப் பார்த்துக் கைதட்டினோம். ஊரெல்லாம் பால் பொங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நாளில் நாங்கள் மூத்திரப் பையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். யாரிடம் சொல்ல முடியும் இதை?

பக்கத்தின் அடியில் இன்றைய யோசனை: வயலில் நீர் தேங்காமல் வடிகால் எடுக்கவும். இந்த டைரிக்கு வாய் அதிகம்.

ஜனவரி 16, வெள்ளி

செலவு நாலாயிரத்து நூறு! வரவு ஆயிரத்து நானூறு, சின்ன சிரிஞ்ச், கழுவிய தண்ணீர் எல்லாம் சேர்த்து. ஆக்சிஜன் ஐம்பத்தைந்து. கணுக்கால் இருபத்தேழு.

"சிஸ்டர், ரொம்பவும் வத்தவிட்டுறாதீங்க, பிரஷரையும் பாருங்க" என்று டாக்டர் சிரித்தார். எனக்கு வரப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

ஜனவரி 17, சனி

ஆக்சிஜன் நாற்பது. கணுக்கால் இருபத்தைந்தரை. போட்டிருந்த கோட்டிலிருந்து டேப் நழுவி விழுந்தது. வீட்டில் தண்ணீர் வந்தது. சாலமோனுக்கு இரண்டு வாளி என்று சுவரில் திருத்திவிட்டேன். காரணம் கேட்டார். பொங்கல் சலுகை என்றேன்.

ஜனவரி 18, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. வாயிலிருந்து குழாயை எடுத்தாயிற்று. கழுத்தில் ஓட்டை போட வேண்டியிருக்குமோ என்று டாக்டர் யோசித்திருந்தார், தேவைப்படவில்லை. இருமினாள், துப்பினாள், மாஸ்க்கைப் பிடித்து இழுத்தாள். முதல் வார்த்தைக்காக எல்லோரும் குனிந்தோம்.

"தாகம்" என்றாள்.

ஜனவரி 19, திங்கள்

மூன்று மணிக்கு வெயிலுமுத்துவை நானே கூப்பிட்டனுப்பினேன். "காப்பி இருக்கா?" என்றேன். பயந்துபோய் இல்லை என்றார். "போய் வாங்கிட்டு வாரும், கருப்பட்டி போட்டது" என்றேன். மருந்து மூடியில் முப்பது மில்லி அளந்து கொடுத்தேன். செண்பகவல்லி கண்ணை மூடி நாலு மடக்கில் குடித்தாள். வரவில் எழுதினேன்: காப்பி, முப்பது.

அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். "நா ஒம்ம மேல அபாண்டமாப் பழி போட்டுட்டேன். அன்னிக்கிச் சொன்ன வார்த்தைய நெனச்சா எனக்கே கூசுது. மன்னிச்சிரும்."

அவர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே நின்றார். "கோவந்தான் சிஸ்டர், இல்லன்னு சொல்லல. பெட்டிசன் எழுதிக்கூட வச்சிருந்தேன். ஆனா ஒண்ணு, நீங்க பாட்டிலுக்குப் பாட்டிலு நம்பரு எழுதலன்னா நா எத வச்சு எண்ணிருப்பேன்? அத நெனச்சுத்தான் கிழிச்சுப் போட்டேன்."

கட்டிலில் இருந்து கரகரத்த குரல் வந்தது. "சிஸ்டர்... அவுகள எத்தன நாளு உள்ள விடல?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீங்க ஏசுனது பூராவும் கேட்டுட்டுத்தான கெடந்தேன். வாயில குழா இருந்துச்சு, இல்லன்னா நானும் பதிலுக்கு ஏசிருப்பேன்."

"அஞ்சு நாளு" என்றேன்.

தீப்பெட்டி ஆபீஸில் கட்டு எண்ணிய விரல். போர்வைமேல் மடக்கி மடக்கி எண்ணினாள். "ஒரு நாளைக்கி இருவது நிமிசம். அஞ்சு நாளைக்கி நூறு. எனக்கு வர வேண்டியது. தரணும்."

கணக்கு சரிதான்.

ஜனவரி 20, செவ்வாய்

வகுப்பு. முப்பது பேர், இரண்டு மின்விசிறி, ஒரு கரும்பலகை. ஆறு வருடமாக நான் வைத்திருந்த தாளைப் பலகையில் வரைந்தேன். இதில் என்ன தப்பு என்று கேட்டேன். அழகாக இருக்கிறது சிஸ்டர் என்றார்கள். அதுதான் தப்பு என்றேன்.

பிறகு ஒன்பது சின்ன பாட்டில்களை மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக வாளியில் ஊற்றிக் காட்டினேன். ஆறாவது பாட்டிலில் பேச்சு சத்தம் நின்றுவிட்டது. ஒன்பதாவதில் பின்வரிசை அம்மா ஒருத்தி, "ஆத்தாடி, நாங்களும் இப்படித்தானே செய்யுதோம்!" என்று வாய்விட்டுச் சொன்னாள். தாளில் புதுசாக ஒரு கட்டம் வரைந்தேன். மேலே 'சின்ன பாட்டில்' என்று எழுதினேன்.

"இத யாரு சிஸ்டர் கண்டுபிடிச்சா?" என்று கேட்டார்கள்.

"தண்ணி லாரி டிரைவர் ஒருத்தர்" என்றேன். யாருடைய தப்பு என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னேன்.

வாளித் தண்ணீரைக் கொட்ட மனமில்லாமல் ஆஸ்பத்திரி வேப்பங்கன்றுக்குக் கொண்டுபோய் ஊற்றப் போனேன். உப்புத் தண்ணீர் ஆயிற்றே என்று பாதி வழியில் ஞாபகம் வந்தது. அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து அடுப்படிச் சுவரில் எழுதினேன்: குரோட்டன்ஸ், அரை லிட்டர் குவளை பதினாலு, காலையும் மாலையும், நாளைக்குப் பதினாலு லிட்டர். சாலமோன் அதை நின்று படித்தார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அவர் சிரித்த சத்தம் குளியலறையிலிருந்து கேட்டது.

ஜனவரி 21, புதன்

நாளைக்குச் செண்பகவல்லியை ஜெனரல் வார்டுக்கு மாற்றுகிறார்கள். அங்கே போனால் புருஷன் நாள் முழுக்கப் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் கடன் இந்த வார்டில் பட்டது, இந்த வார்டிலேயே தீர வேண்டும். டாக்டரிடம் போய் நின்றேன்.

"ஐ.சி.யூ.ல நூறு நிமிஷமா? எதுக்கு சிஸ்டர்?"

"வரவு செலவு நேர் பண்ணணும் சார்."

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

இரண்டு மணிக்கு நாலாம் பெட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டேன். வெயிலுமுத்து சட்டை மாற்றி, தலைசீவி வந்திருந்தார். திரையை இழுத்துவிட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். காதை மூடிக்கொள்ள முடியாதே, கேட்டது. ஆட்டுக்குத் தழை யார் ஒடித்துப்போட்டது, கேஸ் தீர்ந்ததா, மகள் போன் பண்ணினாளா, ஒற்றை ஆளாகச் சாப்பிட்டு எதற்கு இப்படி மெலிந்து போனீர்கள், எல்லாம் வந்தது. அவர் பதில் சொல்லச் சொல்ல அவள் திட்டினாள். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு பேச்சு ஓய்ந்தது. திரையின் இடைவெளியில் பார்த்தேன். மார்க்கர் கோடு இன்னும் அழியாத அந்தக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்று நாற்பதுக்கு நூறு நிமிடம் முடிந்தது. லாரிக்காரர் அல்லவா, நேரத்தில் கறார். எழுந்து திரையை விலக்கி என்னைப் பார்த்தார். "டைம் ஆயிருச்சா சிஸ்டர்?"

கார்த்தீஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தாள். நான் மருந்துச் சீட்டைப் புரட்டினேன். "இன்னும் ஆகல, உக்காரும்" என்றேன்.

நாலு மணி வரை சீட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு அவராகவே எழுந்து, போர்வையைச் சரிசெய்துவிட்டு, என்னைக் கும்பிட்டுப் போனார். தாளின் ஓரத்தில் பார்வை நேரம் நூறு நிமிடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மீதி இருபது நிமிடத்தை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. பதினொரு வருடத்தில் தெரிந்தே நான் எழுதாமல் விட்டது இது ஒன்றுதான்.